கணக்குப் புத்தகத்தில் எந்த வரியில் எழுதினீர்கள்?

கூட்டக்கொலை செய்கிற அரசின் கீழ் தொழில் நடத்தும் நிறுவனம் அங்கேயே இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். நீதிமன்றம் வரை போன வழக்குகளைப் பார்த்தால் அந்தக் கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்கு வெகு முன்பே ரசீதிலும் குத்தகைப் பத்திரத்திலும் காவல் ஒப்பந்தத்திலும் காரியம் முடிந்திருக்கும்.

சிரியாவில் ஜலாபியா சிமெண்ட் ஆலையை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு நிறுவனமான லஃபார்ஜ் சுமார் 68 கோடி டாலர் செலவில் கட்டி, 2010-இல் ஓட்டத் தொடங்கியது. போர் நெருங்கியதும், 2012-இல் வெளிநாட்டு ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டு, உள்ளூர்க்காரர்களை வைத்து உற்பத்தியைத் தொடர்ந்தார்கள். (யாருடைய உயிருக்கு என்ன விலை என்பதற்குத் தனிப் பதிவே போடலாம்.) சோதனைச் சாவடியில் லாரியை விடுவதற்கென்று ஆயுதக் குழுக்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை போனது. பிறகு ஐஎஸ் அமைப்போடு விற்பனை அளவுக்கேற்பப் பணம் என்று பேசி முடித்தார்கள். நிறுவன அதிகாரிகளே அதை வரியோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். கூடவே, போட்டியாக வந்த துருக்கி சிமெண்டைத் தடுக்கவும் அந்த அமைப்பின் உதவி நாடப்பட்டது. ஐஎஸ் யாரும் அங்கீகரித்த அரசு இல்லைதான், ஆனால் அந்த நிலத்தை ஆண்டதும் வசூலித்ததும் அதுதான். 2022 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ளின் நீதிமன்றத்தில் லஃபார்ஜ் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 77.78 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. ஐஎஸ், சிரியாவின் இன்னொரு ஆயுதக் குழுவான அல் நுஸ்ரா இரண்டுக்கும் போனதாகக் கணக்கிடப்பட்ட தொகையோ சுமார் 59 லட்சம் டாலர்தான்.

"மிரட்டினார்கள், கொடுத்தோம்" என்ற வாதம் மாதத் தொகை வரைக்கும் கொஞ்சமாவது நிற்கும். விற்பனையோடு தொகையைக் கட்டிவிட்டால் நிற்காது. நீங்கள் அதிகம் விற்றால் அவனுக்கு அதிகம் என்றால் அவன் உங்கள் கூட்டாளி.

இதைத் தணிக்கையில் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வாங்கிய ஆயுதக் குழுவின் பெயரை வைத்துத் தேடினால் சிக்காது, ஏனென்றால் நடுவில் ஓர் ஆலோசகரோ சப்ளையரோ இருப்பார். பன்னிரண்டு மாதப் பட்டுவாடாவை எடுத்து, அளவும் விவரமும் இல்லாத பில்களைத் தனியே பிரியுங்கள். நம்மைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லாத ஆலோசகர்களை அதில் பாருங்கள். முழு எண்ணாக, மாதம் தவறாமல் போகும் தொகைகளைப் பாருங்கள். அடுத்து லாரி வாடகை: தூரமும் டீசல் விலையும் அப்படியே இருக்க வாடகை மட்டும் ஏறினால், சாவடிக் காசு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதிகாரிகள் சொந்த மின்னஞ்சலில் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்றால் அதற்குமேல் ஆதாரம் தேட வேண்டாம். லஃபார்ஜ் வழக்கிலும் அதுதான் நடந்தது. ஆவணங்களில் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்றும் கேட்டிருந்தார்கள்.

பொருளை விற்பவர்களுக்கு வேறு அளவுகோல். 1946 மார்ச்சில் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம், நாஜிகள் முகாம்களில் மனிதர்களைக் கொல்லப் பயன்படுத்திய சைக்ளான் பி என்ற நச்சுப்பொருளை விற்ற நிறுவனத்தைச் சேர்ந்த மூவரை விசாரித்தது. பேனையும் பூச்சியையும் கொல்ல எல்லோரும் வாங்கும் சரக்கு அது. அதனால் சரக்கு விஷமா என்பதல்ல, எதற்குப் போகிறது என்று தெரியுமா என்பதே கேள்வியானது. உரிமையாளர் புரூனோ டெஷ், அவருக்கு அடுத்த நிலையிலிருந்த கார்ல் வைன்பாக்கர் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். மூன்றாமவரான தொழில்நுட்பர் விடுதலையானார். விற்பனையைத் தடுக்கும் இடத்தில் அவர் இருந்தாரா என்பதையும் பார்க்கும்படி நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர் சொல்லியிருந்தார். தெரிந்திருப்பதும் நிறுத்த முடிவதும் சேரும் இடத்தில்தான் பொறுப்பு விழுகிறது.

சதாம் ஹுசைனின் இராக்குக்கு தயோடைகிளைக்கால் விற்ற டச்சு வணிகர் ஃபிரான்ஸ் வான் அன்ராட் கதையும் இதேதான். துணிச் சாயத்துக்கும் ஆகும், கடுகு வாயு என்ற ரசாயன ஆயுதத்துக்கும் ஆகும் அந்த ரசாயனம் ஆயிரம் டன்னுக்கு மேல் போனது. 2005 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹேக் மாவட்ட நீதிமன்றம் போர்க்குற்றத்துக்கு உடந்தை என்று 15 ஆண்டு கொடுத்தது. இனப்படுகொலை நோக்கம் அவருக்குத் தெரியும் என்பது நிரூபணமாகாததால் அந்தக் குற்றச்சாட்டில் மட்டும் விடுவித்தது. சரக்கு எதற்கு என்று வாங்குபவர் கையெழுத்திடும் "இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ்" வெறும் காகிதம். உருப்படியான சோதனை ஒன்றுதான்: அந்த நாட்டுச் சாயப்பட்டறைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை டன் உறிஞ்சும்? ஆர்டர் அதைத் தாண்டினால் மீதி எங்கே போகிறது?

காவல் விஷயம் இதைவிட நழுவலானது. சூடான் உள்நாட்டுப் போரில் ஹெக்லிக் எண்ணெய் வயலின் விமான ஓடுதளத்தை அரசுப் படை விமானங்கள் தாக்குதலுக்குப் பயன்படுத்தின என்பது கனடாவின் டலிஸ்மான் நிறுவனத்தின் கழுத்தைச் சுற்றியது. ஓடுதளம், எரிபொருள், வண்டி, ஜெனரேட்டர் எதையும் "அவசரத்துக்கு" ராணுவத்துக்குக் கொடுத்தால் கேட்டவர், நேரம், அளவு மூன்றையும் பதிவு செய்யாமல் கொடுக்கக்கூடாது. பதிவு செய்யக் கூச்சமாக இருந்தால் கொடுக்கவே கூடாது. ஐநாவின் 2011 வழிகாட்டு நெறிகள் தீங்கை உண்டாக்குவது, அதற்குப் பங்களிப்பது, வணிக உறவு வழியே நேரடித் தொடர்பு என்று மூன்றாகப் பிரிக்கின்றன. எரிபொருள் நிரப்பிக் கொடுப்பது மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு இறங்கும் படி.

டலிஸ்மான் கடைசியில் தன் 25 சதவீதப் பங்கை 2003-இல் இந்திய அரசின் ஓஎன்ஜிசி விதேஷுக்கு விற்றுவிட்டுப் போனது. எண்ணெய் ஒரு நாளும் நிற்கவில்லை.

அதனால்தான் வெளியேறுவதைப் புண்ணியக் கணக்கில் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. மியான்மரில் ராணுவ நிறுவனமான எம்இஎச்எல்லோடு பீர் ஆலை நடத்திய ஜப்பானின் கிரின், 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த சில நாட்களிலேயே உறவை முறிப்பதாக அறிவித்தது. முடித்தது 2023 ஜனவரியில். கூட்டாளி சம்மதமில்லாமல் பங்கை அசைக்க முடியாத ஒப்பந்தம் என்றால் இப்படித்தான் இழுக்கும்.

நார்வேயின் கைபேசிச் சேவை நிறுவனமான டெலினாருக்கு அங்கே சுமார் 1.8 கோடி வாடிக்கையாளர்கள். ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கச் சொல்லி ராணுவ அரசிடமிருந்து நெருக்கடி வந்தது, 10.5 கோடி டாலருக்கு லெபனானின் எம்1 குழுமத்துக்கு விற்பதாக 2021 ஜூலையில் அறிவித்தது. 2022 மார்ச்சில் கைமாறி முடிந்தபோது பெரும்பங்கு ஓர் உள்ளூர் நிறுவனத்திடம் போயிருந்தது. யார் யாரை எப்போது அழைத்தார்கள் என்ற பதிவுகளும் உரிமத்தோடு சேர்ந்து போயின. அழித்துவிடலாமே என்றால், அது உரிம விதியை மீறுவது, உள்ளூர் ஊழியர்களின் உயிருக்கு ஆபத்து என்றது நிறுவனம். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அழைப்புப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது, நிறுவனம் கைமாறினால் அது யாருக்குப் போகும் என்பதை உரிமம் வாங்கும் அன்றே பேசியிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அரசுக்கு நிறுவனம் தேவைப்படுகிறது.