பென்சில் நின்ற இடம்

திருப்பூரில் பதினான்கு வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர்களில் பனியன் கம்பெனி டெய்லர்கள்தான் அதிகம். காலையில் மிஷினில் குனிகிற தலை ஷிப்டு முடிந்துதான் நிமிரும். கையில் ஸ்கேன் கவரோடு வந்து உட்கார்ந்ததும், "கழுத்தெலும்பு தேய்மானமுங்க சார்" என்பார்கள்.

அந்தச் சொல்லை நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க பாருங்க, தேஞ்சிருக்கு" என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன். அதன்பிறகு அவர்கள் கழுத்தைத் திருப்பவே பயந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது.

என்னை மாற்றியது ஓர் அக்கா. ஆறு வருஷ வலி. தினமும் நூற்றுக்கணக்கான டீ-ஷர்ட்டுக்குக் கழுத்து ரிப் வைக்கிறவர். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் லோரிமர் மோஸ்லி, நாள்பட்ட முதுகுவலிக்காரர்களைத் தங்கள் முதுகையே வரையச் சொன்னதைப் பற்றி 2008இல் எழுதியிருந்தார். அதை நினைத்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினேன். "தொட்டுப் பார்க்காதீங்க, உங்க கழுத்து எப்படித் தோணுதோ அப்படியே கோடு போடுங்க."

இடது காதிலிருந்து தோள் வரை ஒரே இழுப்பில் கோடு போட்டார். வலது காதுக்குக் கீழே வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "இந்தப் பக்கம் எப்படி எறங்குதுன்னே புடிபடலைங்க சார்." வலிக்கிற பக்கம் அதுதான்.

உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையின் மேற்பரப்பில் இடம் இருக்கிறது. மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு 1937இல் அதைப் படமாக்கினார். விரலுக்கும் உதட்டுக்கும் அதில் தாராளமான இடம், கழுத்துக்குக் கொஞ்சம்தான். தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்ற சேதியை மண்டைக்கு அடியிலுள்ள சின்னச் சின்னத் தசைகள் அனுப்பிக்கொண்டே இருக்கும். வலிக்குப் பயந்து அசைக்காமலே வைத்திருந்தால் அந்தச் சேதி மங்கிப்போகிறது.

தலையில் பட்டை கட்டி, அதில் லேசர் விளக்கைப் பொருத்தி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி அவரை உட்காரவைத்தேன். கண்ணை மூடி வலப்பக்கம் திரும்பி, மறுபடி நேராக வரவேண்டும். ஏழு சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் கோளாறு என்போம். அவருடைய சிவப்புப் புள்ளி பதினொன்றில் நின்றது. "நேராத்தானுங்களே இருக்கறேன்?" என்றார், கண்ணை மூடியபடியே. திறந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு கேட்டார்: "அப்ப எல்லாம் மனப்பிரமைங்கறீங்களா?" வீட்டில் ஏற்கெனவே நடிக்கிறாள் என்று பேச்சு வாங்கியவர். மூளை என்ற சொல்லை எடுத்தாலே நோயாளிக்கு இப்படித்தான் கேட்கும். அவசரப்படக் கூடாத இடம் இது. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "உங்க வலி நிஜம்க்கா. தொடுறது, பயம், கவனம் எல்லாத்தையும் பார்க்கிற பகுதிகள் சேர்ந்து வேலை செஞ்சுதான் யாருக்குமே வலி தெரியுது. ஆறு வருஷமா உங்க மூளை காவலுக்கு நின்னு பழகிடுச்சு. கழுத்து எங்க இருக்குன்னு அதுக்கு மறுபடி காட்டணும்."

தினமும் லேசர் பயிற்சி, மெதுவாகத் திருப்புவது, வலது பக்கத்தில் எந்த இடத்தைத் தொடுகிறேன் என்று பார்க்காமல் சொல்வது. எட்டு வாரத்தில் விலகல் நாலு சென்டிமீட்டருக்கு வந்தது. வலி முழுசாகப் போகவில்லை. ராத்திரி தூங்குகிறார், கழுத்துக்குப் போட்டிருந்த காலர் பட்டையைக் கழற்றிவிட்டார்.

கம்பெனியில் லேசருக்கு எங்கே போவது? அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "அடுத்த பண்டல் வர்றதுக்குள்ள மிஷின ஆஃப் பண்ணிட்டு, ஊசியப் பாத்துட்டுக் கண்ண மூடிக்குவேனுங்க. அந்தப் பக்கம் திரும்பிட்டு வந்து, மூஞ்சி ஊசிக்கு நேரா இருக்குதான்னு தொறந்து பாப்பேனுங்க சார்."