பெட்டேன் ரோடு வரிசை: டைல்ஸ் ஒருவழியாக வழிக்கு வந்தது

சிங்கப்பூர் ஜாலான் புசார் வட்டாரத்துப் பெட்டேன் ரோட்டின் 18 வீட்டு வரிசையை, விசிறிபோல் நீளமாக விரியும் மடிப்புப் புத்தகத்தில் வரையும் வேலை, கீழ்த்தளத்துப் பூப்போட்ட டைல்ஸால் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. இப்போது பாதி வரிசைக்குக் கீழ்த்தளம் முடிந்துவிட்டது. புத்தகத்தை விரித்து வைத்து நாலடி தள்ளி நின்று பார்த்தால் அது பெட்டேன் ரோடுதான், வேறெந்தத் தெருவும் இல்லை. கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் உட்கார்ந்து வரைபவர்களுக்கு முக்காலி, குடை, கொசு மருந்து பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஏன் இந்தத் தெரு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கடைவீடு (கீழே கடை, மேலே வீடு என்று வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய கட்டடம்) வரைய வேண்டும் என்றாலே எல்லாரும் கூன் செங் ரோட்டுக்குத்தான் கிளம்புகிறார்கள். அழகான வீடுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு சன்னலை வரைந்து முடிப்பதற்குள் அதன் முன்னால் நாலு பேர் மாறி மாறி நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். ஜாலான் புசார் பக்கம் அந்தத் தொல்லை கிடையாது. ஹார்டுவேர் கடை, விளக்குக் கடை, குழாய்க் கடை, நடுவில் சீனச் சங்கங்கள். யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இந்த வட்டாரத்துத் தெருப்பெயர்கள் பல முதல் உலகப் போரிலிருந்து வந்தவை. வெர்டன், சொம், மார்ன், ஃபிளாண்டர்ஸ் எல்லாம் போர்க்களங்கள். கிச்சனர், ஃபோஷ், ஜெலிக்கோ, பீட்டி, ஸ்டர்டி எல்லாம் தளபதிகள். பெட்டேன், வெர்டனைக் காப்பாற்றிய பிரெஞ்சுத் தளபதி. அடுத்த போரில் ஜெர்மானியரோடு சேர்ந்துகொண்டதற்காக 1945இல் அவருடைய நாடே அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அங்கே கைகழுவப்பட்டவர் இங்கே பச்சைப் பெயர்ப்பலகையில் சௌகரியமாக இருக்கிறார்.

வரிசை கட்டப்பட்டது 1930இல். கட்டச் சொன்னவர் முகமது பின் ஹாஜி ஓமர், வரைபடம் போட்டவர் ஈ. வி. மில்லர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். மேல்தளத்தில் கிரேக்கப் பாணித் தூண்தலைகளும் சுதையில் செய்த பூச்சரங்களும், கீழே பூ டைல்ஸும். அந்தக் காலத்தில் இந்த ஊருக்கு டைல்ஸ் இங்கிலாந்து, பெல்ஜியம் போன்ற இடங்களிலிருந்து வந்தது. 1920களுக்குப் பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. வளமாக இருந்த காலத்தில் கட்டிய வீடு, அதனால் வெற்றுச்சுவர் என்று ஒரு முழம்கூட விட்டுவைக்கவில்லை. நமக்குத்தான் கழுத்து வலி.

ஒரு வீட்டுக்கு ஒரு மடிப்பு, ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் அகலம். 18 வீடும் முடிந்தால் 180 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெரு விரியும். தெரு அகலம் குறைவு. எதிர்ப்பக்கம் நின்றாலும் இரண்டு மூன்று வீட்டுக்கு மேல் நேராகத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் நேரெதிராக முக்காலியை நகர்த்திக்கொண்டே போக வேண்டியதுதான். ஒரே இடத்தில் உட்கார்ந்து முழு வரிசையையும் கோணத்தில் இழுத்துவிடலாமே என்பார்கள். இழுக்கலாம், ஆனால் கடைசி ஆறு வீடும் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி, இந்தத் தெருவில் பார்க்க வேண்டியது எதுவோ அதுவே போய்விடும்.

சரி, டைல்ஸுக்கு வருவோம்.

வீட்டை ஒரு மடிப்புக்குள் அடக்கினால் ஒரு டைல் காகிதத்தில் 3 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஒரு பூ, நாலு இலை, சுற்றிலும் ஒரு கரை. எல்லாவற்றையும் வரைந்தால் சுவர் புழுதி பிடித்ததுபோல் ஆகிவிடும். ஒன்றும் வரையாமல் விட்டால் அது பெட்டேன் ரோடே இல்லை. முதலில் எல்லாரும் செய்வதைப்போல மாஸ்கிங் திரவத்தால் பூக்களை மறைத்து, மேலே வண்ணம் பூசிப் பார்த்தேன். இந்த ஊர் வெக்கையில் அது கெட்டியாகி, உரித்தெடுக்கும்போது காகிதத்தின் தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. வெயிலில் காயவைத்தால் இன்னும் மோசம். புட்டியில் எழுதியிருக்கும் அறிவுரை எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் அவர்கள் ஊருக்காக எழுதியது.

அடுத்து மெழுகு. அது வண்ணத்தைத் தள்ளும், ஆனால் 3 மில்லிமீட்டரில் மெழுகு எங்கே போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் பூக்களை ஒவ்வொன்றாக நேரடியாக வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஆரம்பித்து வலப்பக்கம் போனால் கடைசிப் பூக்கள் கூட்டம் மிகுந்த பேருந்தில் படிக்கட்டில் தொங்குபவர்களைப்போல ஓரத்தில் நசுங்கின. தூணுக்குத் தூண் வரிசை வேறு மாறியது. அளந்து கட்டம் போட்டால் நேராக வந்தது, ஆனால் சுவர் கணக்கு நோட்டு ஆகிவிட்டது.

இதை அவிழ்த்துக் கொடுத்தவர் ஓவியர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லெம்பு ரோட்டுப் பக்கம் போகிற வழியில் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. புதுக்கோட்டைப் பக்கம் ஊர், இங்கே டைல்ஸ் ஒட்டும் வேலை. "அண்ணே, ஓரத்துலேருந்து ஒட்டிக்கிட்டு வந்தா கடைசியில துண்டு விழத்தானே செய்யும்? நடு டைலை மொதல்ல வைங்க. வெட்டுறதை ரெண்டு ஓரத்துக்கும் சமமாப் பிரிச்சு விட்டுருங்க" என்றார். அப்படியே தூணைக் காட்டி, எது முழு டைல், எது வெட்டிய டைல் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இத்தனை நாள் அந்தத் தூணுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு அது தனியாகத் தெரிந்ததில்லை.

இப்போது செய்வது இதுதான். முதலில் வீட்டிலேயே, மின்விசிறிக்குக் கீழே, சுவர் முழுக்க மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறேன். சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தில் காகிதம் காய்ந்ததுபோல் பாவனை காட்டும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மேலே வண்ணம் வைத்தால் அது ஓரத்தில் பின்வாங்கிக் கறையாகப் பூத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, தெருவில் உட்கார்ந்து, தூணின் நடுக்கோட்டை மட்டும் பென்சிலால் தொட்டு, அதன்மேல் நடுப்பூவை முழுசாக வைக்கிறேன்: இதழ், இலை, கரை எல்லாம். அதிலிருந்து இரண்டு பக்கமும், மேலும் கீழும் போகப் போக விவரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அடுத்த பூவுக்கு இதழ் மட்டும், அதற்கடுத்ததற்கு வெறும் புள்ளி, ஓரத்து வெட்டு டைலுக்கு ஒரு கோடு. டைலுக்கு டைல் உள்ள இடைவெளியைக் கோடாக வரைவதே இல்லை, பூச்சு தெரியும்படி விட்டுவிடுகிறேன். வெள்ளை தேவைப்படும் இடத்தில் கடைசியாக ஒரு பொட்டு வெள்ளைக் குவாஷ், அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம். பார்க்கிறவர்களின் கண் நடுப்பூவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

இதற்கு நீள முடி ரிகர் தூரிகைதான் சரி. நிறைய வண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக விடும். பூஜ்ய எண், இரட்டைப் பூஜ்ய எண் என்று பொடிப்பொடித் தூரிகைகளை வாங்கி அடுக்காதீர்கள். இரண்டு புள்ளி வைப்பதற்குள் இந்த வெயிலில் நுனி காய்ந்துவிடும்.

டைல்ஸுக்கு அடுத்த தலைவலி அஞ்சடி நிழல். அஞ்சடி என்பது வீட்டு முன்பக்கத்தில் மேல்தளத்துக்குக் கீழே ஓடும் நடைபாதை. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822இல் நகரத் திட்டத்துக்கு உத்தரவு போட்டபோது வீட்டுக்கு முன்னால் கூரையோடு தொடர்ச்சியான நடைபாதை வேண்டும் என்று சொல்லிவைத்தார். நடப்பவர்களுக்கு அது வரம், வரைபவர்களுக்கு வரிசை முழுக்க ஒரே இருட்டு. அந்த இருட்டைச் சாம்பலாகப் பூசினால் வீடு செத்துப்போகிறது. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பைக் கலந்து, நீலம் ஒரு சொட்டுத் தூக்கலாக வைத்து, தரைப்பக்கம் வரும்போது சியென்னாவைக் கூட்டுகிறேன். வெயில் பட்ட சாலையின் வெளிச்சம் கீழேயிருந்து உள்ளே ஏறுவது அப்போதுதான் தெரியும். ஒரு விஷயம்: இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, கிட்டத்தட்ட 1 மணிக்கு. மேல்தளத்து நிழல் நேராகக் கீழே விழும் அந்த நேரத்தில்தான் தூண்கள் நன்றாகப் பிரிந்து நிற்கும். உங்கள் தலை வெந்துபோவதும் அப்போதுதான்.

காகிதம் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். பருத்திக் காகிதம், சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம், ஓர் இணையக் கடையில் சுருளாக வாங்கினேன். சுருட்டிய வளைவு போகவே இல்லை, மடிப்பில் வெடிப்பு வேறு. காகிதத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டு எழுதினால், பதிலுக்கு வண்ண அட்டை அனுப்புகிறார்கள். இழையோடு ஒத்து மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் முதுகு வெடிக்கும். இதைச் சொல்லத் தெரியாதவர்கள் எதற்குக் காகிதம் விற்க வேண்டும்? இப்போது பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் கையால் தொட்டுப் பார்த்துத்தான் தாள் வாங்குகிறேன். ஒரு ஓரத்தை லேசாக வளைத்துப் பார்த்தாலே தெரியும்: எளிதாக வளையும்போது வளைவின் மடிப்புக்கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் இழையின் போக்கு. தாளைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள் மட்டும் ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளில். ஓவியக் கடையில் கேட்கும் விலையில் பாதிகூட ஆகாது, பிடியும் கெட்டி. பழைய தூரிகை, பித்தளை டப்பா எல்லாம் கிளறி எடுக்கச் சுங்கை ரோடு சந்தை இருந்தது. 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

பூச்சு காயும் நேரம்தான் சாப்பாட்டு நேரம். ஜாலான் பெர்சே கோப்பிக் கடையில் கரி அடுப்பில் சூடு வைக்கும் லக்சாவுக்கு, அதாவது தேங்காய்ப்பால் குழம்பில் போட்ட நூடுல்ஸுக்கு, என் முதல் ஓட்டு. நூடுல்ஸைத் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டிருப்பார்கள், கரண்டி மட்டும் போதும். ஆனால் புத்தகத்தை அதே மேசையில் வைக்காதீர்கள், லக்சா எண்ணெய்க்கு மன்னிப்பே கிடையாது. பசி அதிகமென்றால் கிச்சனர் ரோடு முனையில் ஹைனானியக் கறிச்சோறு. பொரித்த இறைச்சியைக் கத்தரிக்கோலால் வெட்டிப்போட்டு, இரண்டு மூன்று குழம்பை ஒன்றாக ஊற்றித் தட்டையே மூழ்கடித்துவிடுவார்கள். பார்க்க ஒரு மாதிரி இருக்கும், சாப்பிட்டால் புரியும். ஞாயிறு என்றால் டெஸ்கர் ரோடு, லெம்பு ரோடு பக்கம் வங்காளதேசச் சாப்பாட்டுக் கடைகள். கடுகெண்ணெய் மணக்கும் பர்த்தா மசியலும் இலிஷ் மீனும். விடுமுறை நாளில் அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது, ஆனாலும் யாராவது ஒருவர் நகர்ந்து உட்கார இடம் கொடுத்துவிடுவார்.

மேல்தளம் இன்னும் ஒரு வீட்டுக்குக்கூட முடியவில்லை. இருந்தாலும் மனம் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. கம்போங் கபோர் ரோட்டு மெத்தடிஸ்ட் தேவாலயத்தை, பாபாக்களின் (இங்கேயே வேரூன்றிய பெரானாக்கான் சீனர்களின்) தேவாலயம் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அதை ஒரு பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.  வீராசாமி என்ற தமிழ் மருத்துவரின் பெயரில் உள்ள வீராசாமி ரோடும் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த முனைக் கடைவீடுகளையும் விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் முகப்பில் உள்ள சூரியன். 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபி எழுத்தில். 24 என்றால் முதலில் மூன்றாக்கி, பிறகு பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போய்விடலாம். 25 என்றால் கதிருக்குக் கதிர் 14.4 பாகை, அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. வட்டத்தை முதலில் ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் மறுபடி ஐந்தாக்கலாம் என்று யோசனை. இங்கேயும் நடுக்கதிரை முதலில் வைத்து இரண்டு பக்கமும் போனால் சரிப்படுமா என்று பழைய தாள் ஒன்றில் முயன்றுகொண்டிருக்கிறேன். பாகைமானி வைத்து இதைச் சிறிய அளவில் வரைந்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எழுத்துக்கு எந்தப் பேனா முனை என்பதையும் சேர்த்து.