அமெரிக்க வரலாறு: எல்லிஸ் தீவில் நான் கவிழ்ந்த கதை

முதுகலை வரலாறு தேர்வு முடிவு வியாழக்கிழமை வந்தது. அமெரிக்க வரலாற்றுத் தாளில் சென்ற முறை 75க்கு 29, இம்முறை 56. அரியர் கட்டணம் கட்டிய எரிச்சல் அடங்குவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்விதான்: தொடக்க காலத் தொழில்மயமும் குடியேற்றமும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஜவுளி ஆலை ஊரான லோவெலில் வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவு வழியாக வந்தவர்கள் என்று நான்கு பக்கம், முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல். அயர்லாந்தின் அந்த உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது 1845இல். லோவெல் பெண்களோ கூலிக் குறைப்பை எதிர்த்து 1834இலேயே வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள்!

இம்முறை மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன்: ஆண்டு, ஊர், இயந்திரத்தின் முன்னால் நிற்பவர் யார். மூன்றாவது கட்டம்தான் உயிர். மற்றதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

1790கள், பாடக்கெட்: ஸ்லேட்டரின் நூற்பாலை. சிறுவர்கள், பிறகு முழுக் குடும்பங்கள்.
1814, வால்தம்: விசைத்தறி. நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) விவசாயிகளின் மகள்கள்.
1820கள், 1830கள், லோவெல்: அதே பெண்கள், கம்பெனி விடுதியில்.
1850கள், லோவெல்: பெருமளவில் ஐரிஷ்காரர்கள்.

கடைசி இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் விடை இருக்கிறது. லோவெலின் ஹாமில்டன் கம்பெனி ஆலையில் 1836இல் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 4 சதவீதம்கூட இல்லை. 1860இல் 60 சதவீதத்துக்கும் மேல். பஞ்சத்தை மட்டும் காரணமாக எழுதினால் பாதி மதிப்பெண்தான். ஆளுக்கு இத்தனை தறி என்று வேலையைக் கூட்டினார்கள், 1836இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றினார்கள். லோவெல் ஆலைத் தொழிலாளி சாரா பேக்லியும் தோழிகளும் பத்து மணி நேர வேலை கேட்டு 1845இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் வரை போனார்கள். சட்டம் போட மறுத்துவிட்டது. உள்ளூர்ப் பெண்கள் விலகத் தொடங்கிய நேரத்தில் பஞ்சக் கப்பல்கள் வந்தன.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஐரிஷ்காரர்கள் லோவெலுக்குப் புதியவர்களே அல்லர். 1822இலேயே ஹியூ கம்மிஸ்கி தம் ஆட்களோடு பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனிலிருந்து நடந்தே வந்து கால்வாய் வெட்டினார். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய தண்ணீர் அவர்கள் வெட்டிய வழியில்தான் ஓடியது. ஆனால், தறிக்கு முன்னால் அவர்கள் பெருமளவில் நிற்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. இதை முதல் பத்தியிலேயே வைத்தேன்.

மற்றபடி:
விடிகாலைப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. இரவு பதினொன்றுக்கு மேல்தான் படித்தேன்.
கூட்டுப் படிப்பு வேண்டாம். எல்லிஸ் தீவு எனக்கு அங்கிருந்துதான் வந்தது.
வால்தம் ஆலையைத் தொடங்கிய பிரான்சிஸ் லோவெல் 1817இலேயே இறந்துவிட்டார். அவர் பெயர் தாங்கிய ஊரை அவரே நிறுவினார் என்று எழுதாதீர்கள்.
1850களின் குடியேறிகள் எதிர்ப்பு அரசியலுக்கு, அதாவது நோ நத்திங் கட்சிக்கு, ஐந்து வரி போதும். நான் ஒரு பக்கம் எழுதிக் கடைசிக் கேள்வியை அரைகுறையாக விட்டேன்.

காலண்டர் தாளைக் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்; முன்பக்கத்தில் அம்மாவின் பால் கணக்கு இருக்கிறது.