கையை எங்கே வைப்பது?

பதின்ம வயதினரின் படங்களில் நான் முதலில் பார்ப்பது கையைத்தான். நெதர்லாந்துப் புகைப்படக் கலைஞர் ரினேக்கே டைக்ஸ்ட்ரா 1992 தொடக்கம் கடற்கரைகளில் எடுத்த படங்களைப் பாருங்கள், சிரி என்று யாரும் சொல்லவில்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியாத அந்தத் தவிப்பு அப்படியே இருக்கிறது. 4x5 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கமரா, முக்காலி, எல்லாம் மெதுவான வேலை, அதற்குள் போஸ் தானாகக் கலைந்துவிடும். கமராவைத் தாழ்வாக வைப்பதால் தொடுவானமும் கீழே போய், பிள்ளை வானத்துக்கு முன்னால் தனியாக, உயரமாக நிற்கும். பகலிலும் ஃபிளாஷ்!

கொழும்பு காலிமுகத்திடலில் இது நன்றாகவே பொருந்தும். மாலை வெயில் கடல் பக்கமிருந்து வருவதால் ஃபிளாஷ் இல்லாவிட்டால் முகம் கறுத்துப் போகும். அப்புறம், வீட்டாரிடமும் பிள்ளையிடமும் கேட்காமல் கமராவைத் தூக்காதீர்கள்.