இடக்கை அசைக்கக் கூடாது

பெப்ரவரி 14, 2025, வெள்ளி
டயாலிசிஸ் கதிரை. இடக்கையில ஊசி. மூண்டாம் மணித்தியாலத்திலயே புத்தகம் பிடிச்ச வலக்கையும் நோகத் தொடங்கிட்டுது. புத்தகத்தை நெஞ்சில கவிட்டு வைச்சிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன்.

பெப்ரவரி 16, ஞாயிறு
ஸ்நோ விட்டபாடில்லை. இவர் காரைத் தோண்டி எடுக்கிறார். நான் உள்ளுக்கிருந்து மின்புத்தகம் வாசிக்கிற கருவி ஒண்டு வாங்க, கிண்டில் பேப்பர்வைட்டா, கோபோ லிப்ரா கலரா எண்டு பார்க்கிறன். ரெண்டும் ஏழு அங்குலம். கிண்டில் 211 கிராம், கோபோ 199.5. இந்த வித்தியாசத்துக்கோ இவ்வளவு யோசனை எண்டு மகள் சிரிக்கிறாள். நாலு மணித்தியாலம் ஒரு கையால பிடிச்சுப் பார்க்கட்டும்.

பெப்ரவரி 17, திங்கள்
ஃபாமிலி டே, இங்க விடுமுறை. டயாலிசிஸ் மெஷினுக்கு லீவில்லை. பக்கத்துக் கதிரை அம்மா வரேல்லை.

பெப்ரவரி 19, புதன்
பொத்தான். எனக்கு வேணுமெண்டதே அதுதான். ஊசி குத்தின கையை அசைக்கேலாது. மற்றக் கையால பிடிக்கவும் வேணும், தட்டவும் வேணும். குளிரில விறைச்ச பெருவிரலுக்குத் தொடுதிரை சரிவராது. லிப்ராவில பக்கம் திருப்பப் பொத்தான் இருக்கு. தலைகீழாப் பிடிச்சா எழுத்தும் சேர்ந்து திரும்பும், எந்தக் கைக்கும் வரும். கிண்டிலில பொத்தானோட இருந்த ஒயாசிஸ் இப்ப வாறேல்லை. ரொறன்ரோ நூலகத்து மின்புத்தகமும், இரவல் தாற ஓவர்டிரைவ் சேவையால நேர கோபோவுக்கு இறங்கும். கிண்டிலுக்கு அந்த வசதி அமெரிக்காவில மட்டும்தான். எல்லாம் ஒரு பக்கம்தான் சாயுது. பிறகென்ன? காசு குடுத்து வாங்கின தமிழ்ப் புத்தகம் முழுக்கக் கிண்டிலில கிடக்குது.

பக்கத்துக் கதிரை அம்மா பின்நேரத்துக்கு மாறிட்டாவாம். அப்பாடா, வேற ஒண்டுமில்லை.

பெப்ரவரி 21, வெள்ளி
கிண்டில் புத்தகத்தைக் கொம்பியூட்டருக்கு இறக்கி யூஎஸ்பியால ஏத்திற வழி 26ஆம் திகதியோட நிக்குதாம். இறக்கி வைச்சாலும் கோபோவில திறக்காது, வேற கருவியில திறக்காமல் போட்ட பூட்டு. தமிழ் நூல்களை இணையத்தில இலவசமாத் தாற மதுரைத் திட்டத்தில சும்மா எடுத்ததெல்லாம் எங்க போட்டாலும் திறக்குது. காசு குடுத்ததுதான் திறக்குதில்லை!

பெப்ரவரி 22, சனி
இண்டிகோ புத்தகக் கடை. லிப்ராவையும் கோபோவின்ர கறுப்பு வெள்ளைக் கிளாராவையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தன். லிப்ராவின்ர கலர்த் திரையில எழுத்துக்குப் பின்னணி மப்புப் போட்ட வானம் மாதிரி. அதில கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, கலர் 150தானாம். எனக்கென்னத்துக்குக் கலர்? ஆனால் கிளாராவில பொத்தான் இல்லை. 174 கிராம்தான் எண்டாலும்.

பெப்ரவரி 24, திங்கள்
பிரஷர் விழுந்திட்டுது. ஒண்டும் வாசிக்கேல்லை.

பெப்ரவரி 25, செவ்வாய், இரவு
ஒவ்வொண்டா இறக்கிறன். மொத்தமா இறக்க வழியில்லை. பூட்டோடயாவது என்னட்டக் கிடக்கட்டும். லிப்ராவை ஓடர் பண்ணட்டோ எண்டு மகள் கேக்கிறாள். பொறு பிள்ளை, நான் இன்னும் 'ப' வரிசைக்கே வரேல்லை.