வாக்களிப்பு நாள் காலையிலும் முடிவெடுக்காதவர்களுக்கு

சிங்கப்பூர்த் தேர்தலில் வாக்களிப்புக்கு முந்தின நாள் பிரசார ஓய்வு நாள். அன்றும் மறுநாளும் யாரும் புதிதாக ஆதரவு திரட்டக் கூடாது. ஆனால் ஏற்கெனவே இணையத்தில் போட்ட கொள்கை அறிக்கைகள் அப்படியே இருக்கும். அவற்றைப் படிக்கத் தடையில்லை. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். வீட்டு விலை, மருத்துவச் செலவு என உங்களைத் தொடும் இரண்டை மட்டும் எடுத்து, உங்கள் தொகுதிக் கட்சிகளின் அறிக்கைகளை ஒப்பிடுங்கள்.

குழுத்தொகுதி (பல வேட்பாளர்கள் ஒரே அணியாகப் போட்டியிடும் தொகுதி) என்றால் ஒரே ஓட்டு முழு அணிக்கும். ஒருவரைப் பிடித்து மற்றவரைப் பிடிக்காமல் போனால் பிரித்துப் போட முடியாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அணி முழுவதையும் எடைபோடுங்கள்.

நேரம் இருக்கிறது: காலை 8 முதல் இரவு 8 வரை. அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும் (சிங்பாஸ் என்ற அரசாங்கச் செயலியில் உள்ளவையும் செல்லும்) எடுத்துக்கொள்ளுங்கள். வாக்களிக்கும் தடுப்புக்குள் மை முத்திரைப் பேனா இருக்கும். சொந்தப் பேனாவும் கொண்டுபோகலாம். ஒரு கட்டத்தில் மட்டும் எக்ஸ் போடுங்கள். இரண்டில் போட்டாலோ உங்கள் பெயரை எழுதினாலோ ஓட்டு செல்லாது.

போகாமலே இருந்துவிடாதீர்கள். வாக்காளர் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். தக்க காரணம் இல்லையென்றால் மீண்டும் சேர்க்க 50 வெள்ளி.