ஹெல்சிங்கோர் கடலில் ஒரு ரஷ்யக் கப்பல்

கோபன்ஹேகனில் டென்மார்க்கின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள், டேனிஷ் ஓவியர் எக்கெர்ஸ்பெர்க் 1828-இல் வரைந்த ‘அஸோவ்’ கப்பலைத் தேடிப் பார்க்காமல் திரும்பக் கூடாது. கப்பல் ஓவியம் என்றதும் புயலையும் ஒடிந்த பாய்மரத்தையும்தான் மனம் எதிர்பார்க்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்று டென்மார்க்கின் கடற்கரை ஊரான ஹெல்சிங்கோர் அருகே நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது. துணைக்கு இன்னொரு போர்க்கப்பல். அவ்வளவுதான். ஆனாலும் அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

பெரிய ஓவியமும் அல்ல. உயரம் அறுபது சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டியிருப்பதால் பாய்மரங்கள் வானத்தில் ஏறிக்கொண்டே போகின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் கயிறுகள்! பாய்மரத்தைத் தாங்கிப் பிடிப்பவை, பாயை இழுத்துக் கட்டுபவை என்று மயிரிழைக் கோடுகளாக ஓடுகின்றன. அழகுக்காகக் கிறுக்கிய கோடு ஒன்றுகூட இல்லை. மாலுமி ஒருவர் பார்த்தால் ஒவ்வொரு கயிற்றுக்கும் வேலை சொல்லிவிடுவார் என்று தோன்றியது.

அந்தத் துல்லியம் சும்மா வந்ததில்லை. எக்கெர்ஸ்பெர்க் பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி டேவிட்டிடம் பயின்றவர். ஊர் திரும்பிக் கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தூரத்தில் இருப்பது எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்று கணக்கிட்டு வரையும் தூரக்காட்சிக் கணிதத்தை மாணவர்களுக்குக் கற்பித்தார், அதைப் பற்றி நூலும் எழுதினார். நாட்குறிப்பில் அன்றாட வானிலையைக் குறித்துவைத்தார். 1839-இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகும், கடற்படைக் கப்பலில் ஏறிக் கடலோடினார். இத்தனை பொறுமையாகக் கப்பலைப் படித்த ஒருவருக்குப் புயலைத் துணைக்கு அழைக்க வேண்டிய தேவையே இல்லை. என்னைக் கேட்டால், கொந்தளிக்கும் கடலை வரைவதைவிட நிற்கும் கப்பலுக்கு உயிர் கொடுப்பதுதான் கடினம்.

அஸோவ் 74 பீரங்கிகள் கொண்ட கப்பல். ஓவியம் வரையப்படுவதற்கு முந்தைய ஆண்டு, 1827 அக்டோபரில், கிரேக்கக் கரையில் நடந்த நவரினோ போரில் ரஷ்ய அணிக்குத் தலைமைக் கப்பலாக இருந்தது. ஓவியத்தில் அந்தப் புகையின் சுவடே கிடையாது.

ரயிலேறி முக்கால் மணி நேரத்தில் ஹெல்சிங்கோருக்கே போனேன். க்ரோன்போர்க் கோட்டை மதிலோரம் நின்றால் எதிரே ஸ்வீடன் தெரிகிறது. நடுவில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கடல். இந்தக் குறுகிய வழியில் போன வணிகக் கப்பல்களிடம் டென்மார்க் 1857 வரை சுங்கம் வசூலித்தது. சுங்கம் கட்ட வந்த கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. கப்பல்களை வரைய விரும்பியவருக்கு இதைவிட நல்ல கரை டென்மார்க்கில் கிடைத்திருக்காது. நேரம் இருப்பவர்கள் முதலில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே இங்கே வந்துவிடுங்கள்.